தூரத்துக் கணினியில் ஓடும் லினக்ஸ் மென்பொருள், நம் கையில் உள்ள திரையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மார்த்தாண்டத்தில், வேலை திருவனந்தபுரத்தில். அலுவலகக் கணினியில் இருக்கும் மென்பொருளை ரயில் ஏறாமல் வீட்டிலிருந்தே திறக்க வேண்டும். இன்னொருவர் துபாயில் இருக்கிறார். குளச்சலில் அம்மாவின் கணினியில் பிரின்டர் வேலை செய்யவில்லை. வேறொரு பிள்ளைக்குக் கல்லூரி லேபில் நல்ல கணினி, கையில் இருப்பதோ நாலு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். குமரி மாவட்டத்தில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கட்டளைகளின் பெயரை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

கேள்வி: இதற்குக் காசு கொடுத்து ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா என எந்த லினக்ஸ் வகையாக இருந்தாலும் தேவையானவை பெரும்பாலும் அதன் பேக்கேஜ் களஞ்சியத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்.

கேள்வி: எக்ஸ் சர்வர், எக்ஸ் கிளையன்ட் என்கிறார்கள். கல்லூரிக் கணினிதானே சர்வர்? என் லேப்டாப்பில் ஏன் சர்வர் ஓட வேண்டும் என்கிறார்கள்?

குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். இது தெளிந்துவிட்டால் மீதிப் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பு 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில், ஏத்தீனா திட்டத்தையொட்டிப் பிறந்தது. இன்றும் நாம் பயன்படுத்தும் பதினொன்றாம் பதிப்பு 1987இல் வந்தது. அந்தக் காலத்தில் பெரிய கணினி ஓர் இடத்தில், மாணவர்கள் உட்காரும் திரைகள் வளாகம் முழுக்க. அதனால் மென்பொருள் ஓடும் இடமும் அதன் விண்டோ தெரியும் இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை ஆரம்பத்திலேயே அடிப்படையாக வைத்துக் கட்டினார்கள்.

எக்ஸ் சர்வர் என்பது திரை, கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்கும் நிரல். 'இங்கே ஒரு விண்டோ வேண்டும், அதில் இந்தக் கோடு போடு' என்று அதனிடம் கேட்கும் மென்பொருள்தான் கிளையன்ட். நீங்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது லேப்டாப்பில், அதனால் எக்ஸ் சர்வர் அங்கே. கணக்குப் போடும் மென்பொருள் ஓடுவது கல்லூரிக் கணினியில், அதனால் எக்ஸ் பார்வையில் கல்லூரிக் கணினியில் இருப்பது கிளையன்ட். தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்கு மட்டும் அது தலைகீழ்: நீங்கள் உள்ளே நுழையும் கல்லூரிக் கணினி அதற்குச் சர்வர். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: முழு டெஸ்க்டாப் வேண்டாம், ஒரே ஒரு மென்பொருளை மட்டும் திறக்க எது எளிய வழி?

எஸ்எஸ்ஹெச் வழியாக எக்ஸைக் கொண்டுவருவது. 1995இல் பின்லாந்தில் எழுதப்பட்ட எஸ்எஸ்ஹெச், போக்குவரத்து முழுவதையும் மறையாக்கம் செய்து அனுப்புகிறது. அந்தக் குழாய்க்குள்ளேயே எக்ஸ் பேச்சையும் விடலாம்.

தூரத்துக் கணினியில் மூன்று விஷயம் வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓட வேண்டும். எக்ஸ் திரையோடு இணைய அனுமதிச் சீட்டைக் கையாளும் எக்ஸ்ஆத் என்ற சிறு நிரல் நிறுவப்பட்டிருக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைப்புக் கோப்பில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் என்ற வரிக்கு எதிரே 'யெஸ்' (ஆம்) என்று இருக்க வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த வரி பெரும்பாலும் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் உங்கள் லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து எஸ்எஸ்ஹெச், இடைவெளி, ஹைஃபன், கேப்பிடல் எக்ஸ், இடைவெளி, பயனர் பெயர், அட் குறி, அந்தக் கணினியின் முகவரி என்று தட்டுங்கள். உள்ளே நுழைந்ததும் டிஸ்பிளே என்ற மாறியின் மதிப்பை எக்கோ கட்டளையால் பாருங்கள். 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்று வந்தால் வழி திறந்துவிட்டது. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? எக்ஸ் சர்வர்கள் 6000 என்ற போர்ட்டில் (கணினிக்குள் வரும் இணைப்புக்கான எண் போட்ட வாசல்) தொடங்கி, டிஸ்பிளே எண்ணைக் கூட்டிக்கொள்ளும். பூஜ்யம், ஒன்று போன்ற எண்களை அந்தக் கணினியின் சொந்தத் திரையே எடுத்திருக்கக்கூடும். அதோடு மோதாமல் இருக்க எஸ்எஸ்ஹெச் பத்திலிருந்து தொடங்குகிறது. ஆக 6010இல் அது காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வந்து சேருவதை உங்கள் திரைக்கு அனுப்பிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க எக்ஸ்ஐஸ் போதும். மவுஸ் போகும் பக்கமெல்லாம் பார்க்கும் இரண்டு கண்கள். அவை உங்கள் லேப்டாப்பில் தெரிந்து, மவுஸோடு திரும்பினால் போக, வர இரண்டு வழியும் சரி. டெபியன், உபுண்டுவில் எக்ஸ்11-ஆப்ஸ் பேக்கேஜில் இது இருக்கிறது.

கேள்வி: ஒருவர் கேப்பிடல் எக்ஸ் என்கிறார், இன்னொருவர் கேப்பிடல் ஒய் என்கிறார். எது சரி?

எக்ஸ் உலகில் ஒரு பழைய பலவீனம் உண்டு. ஒரே திரையில் இணைந்த ஒரு மென்பொருள், இன்னொன்றில் நீங்கள் தட்டும் விசைகளை ஒட்டுக்கேட்க முடியும். கேப்பிடல் எக்ஸ், தூரத்து மென்பொருளை நம்பாமல் கையைக் கட்டிவைக்க முயலும். அதனால் சில மென்பொருள்கள் பாதியில் விழும். இயல்பாக இருபது நிமிட வரம்பும் உண்டு. அது முடிந்தபின் புதிதாக எந்த மென்பொருளும் திறக்காது. கேப்பிடல் ஒய் முழு நம்பிக்கை கொடுத்துவிடும்.

டெபியனும் உபுண்டுவும் தங்கள் இயல்பு அமைப்பை மாற்றி வைத்திருப்பதால், அவற்றில் எக்ஸ் போட்டாலும் ஒய் போட்டது மாதிரிதான் நடக்கும். உங்கள் சொந்தக் கணினி என்றால் ஒய் போடுங்கள். பலர் நிர்வாகி அனுமதியோடு புழங்கும் லேப் கணினி என்றால் யோசித்துப் போடுங்கள், அந்த நேரத்தில் வங்கிப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

கேள்வி: 'டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை' என்று வருகிறது.

முதலில் டிஸ்பிளே மாறியைப் பாருங்கள். காலியாக இருந்தால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அனேகமாக எக்ஸ்ஆத்தான். திரையில்லாத சர்வராக நிறுவிய கணினிகளில் அது பல நேரம் இருக்காது. எஸ்எஸ்ஹெச்சோடு ஹைஃபன் சின்ன வி சேர்த்து நுழைந்தால் எங்கே மறுக்கப்படுகிறது என்று அதுவே சொல்லும்.

சிலர் இணையத்தில் எங்கோ பார்த்து டிஸ்பிளே மாறியைத் தங்கள் கையாலேயே மாற்றி எழுதுவார்கள். செய்யாதீர்கள். எஸ்எஸ்ஹெச் தானாக வைத்ததை அழித்துவிட்டு, வராத பிழையை வரவழைப்பதுதான் மிச்சம். சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டுத் திறக்கும்போது மட்டும் பிழை வந்தால் காரணம் வேறு: அனுமதிச் சீட்டு உங்கள் பெயரில் இருக்கிறது, ரூட் என்ற நிர்வாகிப் பயனரிடம் இல்லை. கூடுமானவரை வரைகலை மென்பொருளை ரூட்டாக ஓட்டாமல் பழகுங்கள்.

கேள்வி: வீட்டு வைஃபையில் நன்றாக ஓடுகிறது. வெளியூரிலிருந்து திறந்தால் மெனு விரியவே யுகம் ஆகிறது. நூறு எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டும் மாற்றமில்லை, ஏன்?

ஏனென்றால் இங்கே தடை, குழாயின் அகலம் அல்ல, போய்வரும் நேரம். எக்ஸில் பல காரியங்கள் கேட்டு, பதில் வந்தபின், அடுத்ததைக் கேட்டு என்று வரிசையாக நடக்கும். தோவாளைச் சந்தைக்குப் பூ வாங்கப் போகிறவர் ஒவ்வொரு முழத்துக்கும் தனித்தனியாக வீட்டிலிருந்து போய் வந்தால், சாலை எவ்வளவு அகலமாக இருந்து என்ன பயன்?

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். துபாய் நமக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். போய்வர இயற்பியலே 30 மில்லிசெகண்டு எடுத்துக்கொள்ளும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவே ரவுட்டர்களும் உண்டு. அதனால் பல நேரம் நூறைத் தொடும். ஒரு மென்பொருள் திறக்கும்போது 200 முறை கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு மில்லிசெகண்டு தாமதத்தில் அதுவே இருபது வினாடி. அதே மென்பொருள் வீட்டுக்குள், ஒரு மில்லிசெகண்டு தாமதத்தில், இமைக்கும் நேரத்தில் திறந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1987இல் மென்பொருள்கள் 'கோடு போடு, எழுத்து போடு' என்று சின்னச் சின்னக் கட்டளைகளாக அனுப்பின. ஜிடிகே, க்யூடி என்ற வரைகலைத் தொகுப்புகளால் கட்டிய இன்றைய மென்பொருள்கள் தங்கள் படத்தைத் தாங்களே வரைந்து, முழுப் படத்துண்டாக அனுப்புகின்றன. எஸ்எஸ்ஹெச்சில் கேப்பிடல் சி போட்டுச் சுருக்கினால் படத்துண்டின் எடை குறையும், காத்திருப்பு குறையாது. பிரவுசரை எக்ஸ் வழியாக வெளியூரிலிருந்து திறப்பது எல்லாவற்றிலும் மோசம்.

அதனால் நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது, 'பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுப் பார்த்தீர்களா, எத்தனை மில்லிசெகண்டு வருகிறது?' என்றுதான். ஐந்துக்குள் என்றால் எக்ஸ் ஃபார்வர்டிங்கே போதும். இருபது, முப்பதைத் தாண்டினால் அதை மறந்துவிட்டுக் கீழே சொல்லும் வழிகளுக்குப் போங்கள்.

கேள்வி: அண்ணே, மழை பெய்தால் நெட் போகிறது. நெட் போனதும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் செத்துப் போகிறது. சேமிக்காத வேலை எல்லாம் போச்சு. டிமக்ஸ் போட்டால் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. டிமக்ஸ் எழுத்து டெர்மினலை மட்டும்தான் பிடித்துவைக்கும். வரைகலை மென்பொருளுக்கு எக்ஸ் சர்வரோடு உள்ள இணைப்பு அறுந்தால் அது அந்த நொடியே மூடிவிடும். திரும்ப ஒட்டவைக்க எக்ஸில் வழி இல்லை.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ரப்பர் தோட்டப் பக்கம் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும், அதோடு ரவுட்டரும் போகும். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில், இணைப்பு அறுந்தால் செத்துப்போகும் முறையை நம்பி மணிக்கணக்கான வேலையை வைப்பது சரியல்ல. எது வேகம் என்று பார்ப்பதைவிட, எது அறுந்தாலும் வேலையை உயிரோடு வைத்திருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான்: எக்ஸ் சர்வரையும் மென்பொருள் ஓடும் கணினியிலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையாக ஓட விடுவது. மென்பொருள் அந்தத் திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் அந்தத் திரையின் படத்தை மட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள். நெட் போனால் படம் நிற்கும், மென்பொருள் நிற்காது. எக்ஸ்பிரா, விஎன்சி, எக்ஸ்2கோ எல்லாமே இந்த அடிப்படைதான்.

தூரத்துக் கணினி இருக்கும் இடத்திலேயே கரண்ட் போனால் இவை எதுவும் உதவாது. அங்கே யுபிஎஸ் வையுங்கள், ரவுட்டரையும் அதிலேயே மாட்டுங்கள். கூடவே, அந்தக் கணினியின் பயாஸில் 'கரண்ட் திரும்பியதும் தானாக இயங்கு' என்ற அமைப்பைப் போட்டு வையுங்கள். இதை விட்டுவிட்டுத் துபாய்க்குப் போனால், பட்டனை அழுத்தப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: எக்ஸ்பிராவை எப்படிப் பயன்படுத்துவது?

இரண்டு கணினியிலும் எக்ஸ்பிரா நிறுவுங்கள். பதிப்புகள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கட்டும். ஒரு கணினியில் புதிய பதிப்பும் மற்றதில் நாலைந்து வருடம் பழைய பதிப்பும் இருந்தால் விசித்திரமான பிழைகள் வரும்.

உங்கள் லேப்டாப்பில் எக்ஸ்பிரா, ஸ்டார்ட், அதன்பின் எஸ்எஸ்ஹெச் என்று தொடங்கும் முகவரி வடிவில் பயனர் பெயரும் கணினியும், கடைசியில் இரட்டை ஹைஃபன் ஸ்டார்ட் சமக்குறி போட்டு மென்பொருளின் பெயர். அவ்வளவுதான். விண்டோ உங்கள் மற்ற விண்டோக்களோடு சாதாரணமாகத் திறக்கும். தனிப் பெட்டிக்குள் ஒரு டெஸ்க்டாப் என்ற தொல்லை இல்லை. கன்ட்ரோல் சி அழுத்தினால் நீங்கள் கழன்றுவிடுவீர்கள், மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஸ்டார்ட்டுக்குப் பதில் அட்டாச் என்று போட்டு, வேறு கணினியிலிருந்துகூடத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். காலையில் நாகர்கோவிலில் திறந்ததை, மாலையில் தக்கலையில் அதே நிலையில் பார்க்கலாம்.

ஒரே மென்பொருள், நிலையில்லாத நெட் என்றால் என் முதல் தேர்வு இதுதான். ஒலியையும் கொண்டுவரும்.

கேள்வி: முழு டெஸ்க்டாப் வேண்டும். விஎன்சியா, ஆர்டிபியா, எக்ஸ்2கோவா?

விஎன்சி 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வகத்தில் உருவானது. திரையின் படத்தைச் சதுரம் சதுரமாக அனுப்பும் எளிய முறை. அதனால் எந்தக் கணினியிலும், போனிலும்கூட அதற்கு ஒரு செயலி கிடைக்கும். குறை பாதுகாப்பில். அதன் பழைய பாஸ்வேர்டு முறை எட்டு எழுத்துக்கு மேல் பார்ப்பதே இல்லை. நீங்கள் இருபது எழுத்து வைத்தாலும் முதல் எட்டோடு சரி. அதனால் விஎன்சியை நேராக வெளியே திறக்காமல், எஸ்எஸ்ஹெச்சில் ஹைஃபன் கேப்பிடல் எல் போட்டு 5901 போர்ட்டை உங்கள் பக்கத்துக்குக் குழாயாக இழுத்து, பார்வைச் செயலியில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுங்கள். டைகர்விஎன்சி நல்ல தேர்வு.

ஆர்டிபி மைக்ரோசாஃப்ட்டின் முறை. லினக்ஸ் பக்கம் எக்ஸ்ஆர்டிபி என்ற சர்வர் இருக்கிறது. எந்த விண்டோஸ் கணினியிலும் அதற்கான செயலி முன்கூட்டியே இருப்பதால், எதையும் நிறுவ விடாத அலுவலகக் கணினியிலிருந்து வருகிறவர்களுக்கு வசதி.

எக்ஸ்2கோ எல்லாவற்றையும் எஸ்எஸ்ஹெச் வழியாகவே கொண்டுபோகிறது. எக்ஸின் போய்வரும் பேச்சைக் குறைக்க எழுதப்பட்ட என்எக்ஸ் என்ற தொழில்நுட்பம் உள்ளே இருக்கிறது. தாமதம் உள்ள இணைப்பில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், பாதியில் விட்டதைத் தொடரலாம். ஆனால் க்னோம் டெஸ்க்டாப்போடு அதற்கு ஒத்துவராது. எக்ஸ்எஃப்சிஇ அல்லது மாட்டே நிறுவிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: குளச்சலில் அம்மாவின் கணினியைச் சரிசெய்ய வேண்டும். விஎன்சி போட்டேன், எனக்குத் தெரிவது அம்மாவுக்குத் தெரியவில்லையாம்.

நீங்கள் திறந்தது புதிய, தனியான ஒரு திரை. அம்மா பார்த்துக்கொண்டிருப்பது வேறு திரை. டைகர்விஎன்சியின் வழக்கமான சர்வர் இப்படித்தான் நடக்கும். உங்களுக்கு வேண்டியது, அம்மா பார்க்கும் அதே திரையைப் பகிர்வது. எக்ஸில் ஓடும் டெஸ்க்டாப் என்றால் எக்ஸ்11விஎன்சி. க்னோம் என்றால் செட்டிங்ஸிலேயே திரைப் பகிர்வு உண்டு. 2022இல் வந்த 42ஆம் பதிப்பு முதல் அது ஆர்டிபியில் வேலை செய்கிறது.

போனில் பேசிக்கொண்டே செய்யுங்கள். 'அம்மா, இப்ப நான் மவுசை நகத்துறேன், நீங்க கை வைக்காதீங்க' என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மவுஸ் தானாக நகர்ந்தால் பயந்து சுவிட்சை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் பகிர்வை மூடிவிடுங்கள். வீட்டில் இருப்பவர் திரையை அவருக்குத் தெரியாமல் பார்க்கும் வழி திறந்தே கிடப்பது நல்லதல்ல, அது சொந்த அம்மாவாக இருந்தாலும்.

கேள்வி: வெளியிலிருந்து என் வீட்டுக் கணினிக்கு வரவே முடியவில்லை. ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் அதன் வெளிப்புற ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64இல் தொடங்கி 100.127க்குள் இருந்தால், உங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை. இணைப்புத் தருபவர் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார். நீங்கள் போர்ட் திறந்தாலும் அதற்கு வெளியே இன்னொரு கதவு பூட்டியிருக்கிறது.

வழிகள் உண்டு. இரண்டு பக்கமும் ஐபிவி6 (ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி தரும் புதிய முறை) இருந்தால் அதையே பயன்படுத்தலாம். டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை நிறுவினால் இரண்டு கணினிகளும் உள்ளிருந்து வெளியே போய் நடுவில் சந்தித்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சுலபம். அது வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்துக்குள் போடும் தனி மறைக்குழாய்) முறைமேல் கட்டப்பட்டது. வயர்கார்டு 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 5.6 பதிப்போடு சேர்ந்துவிட்டது. வாடகைக்கு ஒரு சிறு சர்வர் வைத்திருப்பவர்கள் வீட்டுக் கணினியிலிருந்து அங்கே எஸ்எஸ்ஹெச்சில் ஹைஃபன் கேப்பிடல் ஆர் போட்டுத் தலைகீழ்க் குழாய் அமைக்கலாம்.

கேள்வி: தமிழ் எழுத்து எல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது. என் லேப்டாப்பில் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றனவே?

உங்கள் லேப்டாப்பில் இருந்து பயனில்லை. மேலே சொன்னது போல இன்றைய மென்பொருள்கள் எழுத்தைத் தாங்கள் ஓடும் இடத்திலேயே வரைந்து படமாக அனுப்புகின்றன. எழுத்துரு இருக்க வேண்டியது தூரத்துக் கணினியில். டெபியன், உபுண்டுவில் ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல் (கடைசிப் பகுதி டி, ஏ, எம், எல் மட்டும்) அல்லது நோட்டோ எழுத்துருக்களை அங்கே நிறுவி, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகிவிடும். நிர்வாகி அனுமதி இல்லை என்றால், அங்கே உங்கள் ஹோம் அடைவில் எழுத்துரு அடைவு ஒன்றை உருவாக்கிக் கோப்பைப் போட்டாலும் போதும்.

தட்டச்சு வேறு கதை. எக்ஸ் ஃபார்வர்டிங்கில், கீபோர்டு லேயவுட்டாகவே தமிழைத் தேர்ந்தெடுத்திருந்தால் விசை எழுத்தாக மாறுவது உங்கள் பக்கத்திலேயே நடக்கும், அதனால் அப்படியே வேலை செய்யும். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 தட்டுகிறவர்களுக்குத்தான் சிக்கல்: தூரத்து மென்பொருள் தன் கணினியில் ஓடும் ஐபஸைத் தேடும், அங்கே அது ஓடிக்கொண்டிருக்காது. முழு டெஸ்க்டாப்பாகத் திறந்து, அங்கேயே ஐபஸை அமைத்து, இந்தப் பக்கம் ஆங்கில லேயவுட்டில் வைத்துக்கொண்டு தட்டுவது தொல்லையில்லாத வழி. அச்சகத்துக்குத் தமிழ்ப் பக்கம் வடிவமைக்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: வேலாண்ட் வந்தபின் இதெல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. எக்ஸுக்கு மாற்றாக 2008இல் தொடங்கப்பட்ட வேலாண்டில், எக்ஸில் இருந்தது போன்ற வலையமைப்பு வசதி அடிப்படையிலேயே கிடையாது. ஆனால் வேலாண்ட் டெஸ்க்டாப்புகளில் எக்ஸ்வேலாண்ட் என்ற எக்ஸ் சர்வர் கூடவே ஓடுகிறது. எஸ்எஸ்ஹெச்சில் கேப்பிடல் எக்ஸ் போட்டால் அதுதான் விண்டோவை வாங்கிக் காட்டும். வேலாண்டில் மட்டுமே ஓடும் மென்பொருளுக்கு வேபைப் இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் நிறுவி, வழக்கமான எஸ்எஸ்ஹெச் கட்டளைக்கு முன்னால் வேபைப் என்று சேர்த்தால் போதும். இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில் இதுவும் எக்ஸ் ஃபார்வர்டிங் கட்சிதான், அதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ்தான் இருக்கிறது.

பரவாயில்லை. விசிஎக்ஸ்சர்வ் என்ற எக்ஸ் சர்வரை நிறுவி, புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் செயலியில் எக்ஸ்11 ஃபார்வர்டிங்கை டிக் செய்யுங்கள். மோபாஎக்ஸ்டெர்மில் இரண்டும் சேர்ந்தே வரும். விண்டோஸ் 11இல், அதற்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருந்தால் திரை வசதியும் அதோடு வரும், தனியாக எதுவும் வேண்டாம்.

கேள்வி: வீடியோ, முப்பரிமாண வரைபட மென்பொருள் எல்லாம் ஓடுமா?

எக்ஸ் ஃபார்வர்டிங்கில் எதிர்பார்க்காதீர்கள். ஒலி வராது, முப்பரிமாணப் படம் வரையும் ஓப்பன்ஜிஎல் இழுக்கும் அல்லது திறக்கவே திறக்காது. தூரத்துக் கணினியில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் விர்ச்சுவல்ஜிஎல்லை விஎன்சியோடு சேர்த்து ஓட்டுங்கள். கணக்கிடுவது அங்கே நடந்து, முடிந்த படம் மட்டும் இங்கே வரும்.

கேள்வி: லிப்ரேஆபீஸைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மறுநாள் அலுவலகத்தில் போய்ப் பார்த்தால் அங்குள்ள திரையில் திறந்து கிடக்கிறது!

அங்கே உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு லிப்ரேஆபீஸ் திறந்திருந்திருக்கிறது. இரண்டாவதாகத் திறந்தது, 'ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்' என்று வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது மூடிவிட்டு வாருங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்குக் குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும்?

6000, 5900, 3389 ஆகிய போர்ட்களை இணையத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடித் திரியும் நிரல்கள் சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடும். எஸ்எஸ்ஹெச் அல்லது விபிஎன் வழியாக மட்டும் வாருங்கள். எஸ்எஸ்ஹெச்சிலும் பாஸ்வேர்டை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பை வையுங்கள், ரூட்டாக நுழைவதைத் தடுங்கள். எக்ஸ்ஹோஸ்ட் கட்டளைக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். யார் வேண்டுமானாலும் உங்கள் திரையோடு இணையலாம் என்று அனுமதிப்பது அது.

அலுவலகக் கணினிக்கு வீட்டிலிருந்து வழி போடுவதென்றால், முதலில் அங்குள்ள ஐடி பிரிவிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேலையே போகும் விஷயம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் முப்பது பழைய கணினிகள் இருக்கின்றன. ஒரே நல்ல சர்வர் வாங்கி எல்லோரையும் அதில் வேலை செய்யவிடலாமா?

செய்யலாம், செய்ய வேண்டும் என்றும் சொல்வேன். காயலான் கடைக்குப் போக வேண்டிய கணினி இன்னும் சில வருடம் பிள்ளைகளுக்கு உதவும். ஒரே கட்டடத்துக்குள் தாமதம் ஒரு மில்லிசெகண்டைத் தாண்டாது என்பதால் இந்த முறை மிக நன்றாக ஓடும் இடம் பள்ளி லேப்தான். பழைய கணினிகளில் மெல்லிய லினக்ஸ் ஒன்றை நிறுவி, எக்ஸ்2கோ அல்லது எக்ஸ்ஆர்டிபி வழியாகச் சர்வரில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பைத் திறக்க விடுங்கள்.

ரேமில்தான் கஞ்சத்தனம் கூடாது. லிப்ரேஆபீஸும் பிரவுசரில் சில டேபும் திறக்கும் ஒரு மாணவருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஜிபி என்று நான் கணக்குப் போடுவேன். முப்பது பேருக்கு 64 ஜிபி. சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே ஜிகாபிட் கேபிள் வேண்டும். மாணவர் மேசைக்கு நூறு எம்பிபிஎஸ் போதும். வைஃபை வேண்டாம், முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஏறினால் திணறும். ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பயனர் கணக்குக் கொடுங்கள். பொதுக் கணக்கில் எல்லோரும் நுழைந்தால் மேலே சொன்ன லிப்ரேஆபீஸ் சிக்கல் முப்பது மடங்காக வரும். யுபிஎஸ் சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் கட்டாயம். மேசைக் கணினிகள் அணைந்தாலும் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தது சர்வரில் அப்படியே இருக்கும், கரண்ட் வந்ததும் திரும்ப நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வரிசைக் கணினிகளை மட்டும் மாற்றி ஒரு வாரம் வகுப்பு நடத்திப் பாருங்கள். சர்வரில் ஹெச்டாப் திறந்து வைத்து ரேம் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு அப்புறம் மீதி வரிசைகளுக்குப் போங்கள்.